தோட்டத்துக் கணக்கு யார் கையில்?

விதை, உரம், பூச்சிமருந்து விற்க ஊருக்குள் ஆள் வருவது நமக்குப் பழகிப்போன சங்கதி. இப்போது வருகிறவர்கள் வேறு மாதிரி. கையில் பை இல்லை, விலைப்பட்டியல் இல்லை. "ஒண்ணும் வாங்க வேண்டாங்க அய்யா, இந்தச் செயலிய போன்ல ஏத்திக்குங்க, உங்க தோட்டத்து எல்லைய ஒருக்கா நடந்து காட்டுங்க, என்ன பயிர், எப்ப நட்டீங்க, எவ்வளவு எடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க, எல்லாம் இலவசம்" என்கிறார்கள். நான் முப்பத்து நாலு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் விவசாயக் கடன் பிரிவில். ஒருவர் இலவசம் என்று சொன்னால், அந்தச் செலவு எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுவது ஊறிப்போன பழக்கம்.

கோபி, சத்தி பக்கத்தில் இயற்கை வேளாண்மை செய்யும் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்திவருகிறோம். அதற்கு ஒரு தகவல் பகுப்பாய்வு நிறுவனத்திடமிருந்து ஒப்பந்தத் தாள் வந்திருக்கிறது. பெயர் இங்கே தேவையில்லை, இன்று இவர், நாளை இன்னொருவர். பதினாலு பக்கம், முழுக்க ஆங்கிலம். உறுப்பினர்களின் நில எல்லை, பயிர், இடுபொருள், மகசூல், விற்பனை எல்லாவற்றையும் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு வானிலை ஆலோசனை, பூச்சி எச்சரிக்கை, செயற்கைக்கோள் படம், 'சந்தை இணைப்பு' தருவார்களாம். வரும் பொதுக்குழுவில் இதை வைக்கப்போகிறோம். அதற்கு முன் என் கருத்தை எழுதிவிடலாம் என்று நினைத்தேன். நம் இயக்கத்தில் பல குழுக்களுக்கு இதே தாள் வேறு வேறு பெயரில் போயிருக்கும்.

முதலில் ஒன்று. 'பிக் டேட்டா', பெருந்தரவு என்றெல்லாம் சொல்கிறார்களே, அது நமக்குப் புதுசு இல்லை. கீழ்பவானிப் பாசனத்துக்காரன் எவனும் காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் முதலில் பார்ப்பது அரசியல் இல்லை, பவானிசாகர் நீர்மட்டம். 105 அடியில் இன்று எத்தனை, வரத்து எத்தனை கனஅடி, வாய்க்காலில் எத்தனை விட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, இந்தப் போகம் நம் மதகுக்கு நெல்லுக்குத் தண்ணீரா, புஞ்சைக்குத் தண்ணீரா, கடைமடைக்கு வந்து சேருமா என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுவான். 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நஞ்சை, மறு பாதிக்குப் புஞ்சை என்று முறைவைத்து விடும் பாசனத்தில், இந்தக் கணக்குத் தெரியாமல் பண்ணையம் பண்ண முடியாது. அந்த எண்கள் எல்லோருக்கும் பொது. பெரிய மிராசுதார் பார்ப்பதும் அதே எண், அரை ஏக்கர்காரர் பார்ப்பதும் அதே எண்.

இப்போது வந்திருப்பதில் என்ன புதுசு என்றால், சேர்த்துப் பார்ப்பது. பட்டா எண் ஓர் இடத்தில் இருந்தது, கடன் விவரம் வங்கியில், ரேஷன் வேறு இடத்தில், மகசூல் நம் களத்தில், விற்பனை மண்டிக்காரர் சீட்டில். இவற்றைத் தனித்தனியாகப் பார்க்கும்வரை யாருக்கும் பெரிய பலன் இல்லை. எல்லாவற்றையும் ஒரு நூலில் கோத்து, மேலே செயற்கைக்கோள் படத்தையும் வைத்து, பத்து லட்சம் பேருடையதை ஒன்றாக ஓடவிட்டால், இந்த வட்டாரத்தில் மாசி மாதம் எவ்வளவு மஞ்சள் சந்தைக்கு வரும், யாருக்குப் பணமுடை, யார் விலை ஏறும்வரை வைத்திருக்கக்கூடியவர், யார் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார் என்று எங்கோ உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்துவிடும். நமக்கே தெரியாதது அவருக்குத் தெரியும். விஷயம் இதுதாங்க.

கோக்கிற நூலை அரசே முறுக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. 2024 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை 2,817 கோடி ரூபாயில் டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2026-27க்குள் 11 கோடி உழவர்களுக்குத் தனி அடையாள எண், எல்லா மாவட்டத்திலும் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு என்பது இலக்கு. நம் ஊர்களில் 2025 தொடக்கத்தில் முகாம் போட்டு ஆதாரையும் சிட்டாவையும் வாங்கி, போனுக்கு வந்த ஓடிபி எண்ணைக் கேட்டுப் பதிந்தார்களே, அதுதான். கிசான் தவணை நின்றுபோகும் என்று ஊரெல்லாம் பேச்சு. சனம் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வந்தது. சம்மதம் என்ற கட்டத்தில் டிக் அடித்தது முகாமில் உட்கார்ந்திருந்த பையன். எதற்குச் சம்மதம் என்று கேட்டவர் எங்கள் ஊர் வரிசையில் ஒருவரும் இல்லை.

அந்தப் பதிவில் யார் உழவர்? பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர். எங்கள் வாய்க்கால் கரையில் கோயில் நிலத்தையும் வெளியூர்க்காரர் நிலத்தையும் வாரத்துக்கும் குத்தகைக்கும் ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு வாய்ப் பேச்சுதான், காகிதம் கிடையாது. கோயமுத்தூரில் உட்கார்ந்திருக்கும் பட்டாதாரருக்கு எண் வந்துவிட்டது, சேற்றில் நிற்பவருக்கு வரவில்லை. களையெடுப்பிலிருந்து மாட்டுத் தீவனம் வரை பார்க்கும் அம்மணிகள் பெயரிலும் இல்லை, வீட்டுக்காரர் பெயரில்தான். இந்தப் பதிவை அடிப்படையாக வைத்து நாளைக்குக் கடன், காப்பீடு, இழப்பீடு, கொள்முதல் எல்லாம் ஓடப்போகிறது என்றால், எண்ணே இல்லாதவர் கதி என்ன? கணக்கெடுப்பும் அப்படித்தான். 2024 இறுதியில் தமிழ்நாட்டில் வேளாண் கல்லூரிப் பிள்ளைகளை வயலுக்கு வயல் போன் கொடுத்து அனுப்பினார்கள். கிராம நிர்வாக அலுவலர்கள் எங்கள் வேலை இல்லை என்று சொன்னதால் வந்த ஏற்பாடு. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. மஞ்சள் பாத்தியில் வெங்காயம், நடுவில் மிளகாய், வரப்பில் ஆமணக்கு, தண்ணீர் வாய்க்கால் ஓரம் அகத்தி, நாலு மூலையிலும் துவரை என்று நிற்கும் ஒரு காட்டை அவசரத்தில் பதிந்தால் 'மஞ்சள்' என்று ஒரு வார்த்தைதான் விழும். இயற்கை உழவர் செய்யும் வேலையில் பாதி அந்தப் பதிவில் காணாமல் போய்விடும்.

இதனால் இந்த வேலையே வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. பயன் இருக்கிறது, அதுவும் ஏழைக்குத்தான் அதிகம் இருக்க முடியும்.

ஒரு சின்ன விவசாயி பயிர்க்கடன் வாங்குவது எப்படி என்று வங்கி மேசைக்கு உள்பக்கம் இருந்து பார்த்தவன் நான். சிட்டாவுக்கு ஒரு நாள், அடங்கலுக்கு இரண்டு நாள் (கையெழுத்துப் போடுகிறவர் கூட்டத்துக்குப் போயிருப்பார்), வில்லங்கச் சான்றுக்கு ஒரு நாள், பக்கத்துச் சங்கத்தில் பாக்கி இல்லை என்ற கடிதத்துக்கு ஒரு நாள், வக்கீல் ஒப்பீனியனுக்குத் தனிச் செலவு. ஐம்பதாயிரம் ரூபாய்க் கடனுக்கு ஒரு வாரக் கூலி போய்விடும். இதை மாற்றத்தான் 2022இல் ரிசர்வ் வங்கி தமிழ்நாட்டிலும் மத்தியப் பிரதேசத்திலும் சில மாவட்டங்களில் கிசான் கடன் அட்டையை முழுக்கக் கணினி வழியாகக் கொடுத்துப் பார்த்தது. நிலப் பதிவேடு நேராக வங்கிக்கு வந்துவிடும், விவசாயி அலைய வேண்டாம். 2023இல் அதை விரிவாக்கி, இப்போது யு.எல்.ஐ. என்ற பெயரில் ஓடுகிறது. ஈடில்லாப் பயிர்க்கடன் வரம்பும் 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் ஆகியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஓர் ஏக்கர்காரர் கந்துவட்டிக்குப் போகாமல் தப்பிக்க வழி இருக்கிறது. இதை நான் மனசாரப் பாராட்டுகிறேன்.

காப்பீட்டிலும் அப்படியே. 2016-17 வறட்சியில் டெல்டாவில் நெல் காய்ந்தபோது, மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ராடார் செயற்கைக்கோள் படங்களை வைத்து நம் வேளாண் பல்கலைக்கழகம் போட்ட வரைபடம் இழப்பீட்டுக்குப் பயன்பட்டது. வடகிழக்குப் பருவத்தில் வானம் எப்போதும் மூடியே கிடக்கும், சாதாரணப் படம் எடுபடாது. ராடார் எடுக்கும். ஐரோப்பியர்களின் சென்டினல் செயற்கைக்கோள் படங்கள் உலகத்தில் யாருக்கும் இலவசம். ஒரு புள்ளி பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஓர் ஏக்கருக்கு நாற்பது புள்ளி. நமக்கு 'செயற்கைக்கோள் சேவை' என்று விலை பேசி விற்கப்படுவதில் பெரும்பகுதி இந்த இலவசச் சரக்குதான் என்பதையும் உறுப்பினர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதிலேயே ஒரு கல்லும் கிடக்கிறது. 2023 முதல் பயிர்க் காப்பீட்டில் நெல், கோதுமை மகசூலைக் கணக்கிடும்போது அறுவடைச் சோதனையோடு செயற்கைக்கோள் கணிப்புக்கும் குறைந்தது 30 சதவீதம் இடம் கொடுக்கிறார்கள். கணிப்பு எப்படி வருகிறது? பச்சை எவ்வளவு, பயிர் எவ்வளவு ஓங்கி நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான். குட்டை ரக நெல்லுக்கு அந்தக் கணக்குப் பொருந்தலாம். நம் மாப்பிள்ளைச் சம்பா ஆள் உயரம் நிற்கும். வைக்கோல் தாராளம், நெல் அளவாகத்தான். குட்டை ரகத்தை வைத்துப் பழக்கிய கணினி, நம் வயலைப் பார்த்து 'அமோக விளைச்சல்' என்று எழுதினால், கதிர் பிடிக்கும் நேரத்தில் மழை அடித்துப் பதராய்ப் போனவனுக்கு இழப்பீடு எங்கிருந்து வரும்? பாரம்பரிய ரகங்களின் கதிர் எடையையும் வைக்கோல் எடையையும் தனித்தனியாக அளந்து கொடுத்தால்தான் அந்தக் கணினி கற்றுக்கொள்ளும். அதை அளக்கக்கூடியவர்கள் நாம்தான். அதாவது நம் பதிவேட்டுக்கு விலை இருக்கிறது.

இதைத்தான் உறுப்பினர்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன். எல்லோரையும் விட்டுவிட்டு இயற்கை விவசாயக் குழுவைத் தேடி ஏன் வருகிறார்கள்? அங்ககச் சான்றுக்காகவும் பிஜிஎஸ் குழுச் சான்றுக்காகவும் என்றைக்கு விதைத்தோம், என்ன தெளித்தோம், எத்தனை லிட்டர், எவ்வளவு அறுத்தோம் என்று வருஷக்கணக்காக எழுதி வைத்திருக்கும் ஒரே கூட்டம் நாம்தான். ஏற்றுமதிச் சரக்காக இருந்தால் 2010லிருந்து டிரேஸ்நெட்டில் வேறு ஏற்றுகிறோம். ரசாயன விவசாயி கடைக்காரரைக் கேட்டு வாங்குகிறார், சீட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறார். நம்மிடம் நோட்டு இருக்கிறது. அந்த நோட்டுத்தான் அவர்களுக்கு வேண்டியது.

தகவல் கைமாறினால் என்ன ஆகும் என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை, நடந்திருக்கிறது. அமெரிக்காவில் வானிலைத் தகவலை வைத்து விவசாயிகளுக்குக் காப்பீடு விற்க, கூகுளில் இருந்தவர்கள் 2006இல் ஒரு சின்ன நிறுவனம் தொடங்கினார்கள். பின்னாளில் கிளைமேட் கார்ப்பரேஷன் என்று பெயர். 2013இல் அதை ஏறக்குறைய 93 கோடி டாலருக்கு வாங்கியது யார் தெரியுமா? மான்சாண்டோ. விதையும் களைக்கொல்லியும் விற்கிற கம்பெனிக்கு மழைக் கணக்கு எதற்கு? 2018இல் மான்சாண்டோவையே பேயர் வாங்கியது, தகவலும் சேர்ந்தே போனது. நட்ட நாள் முதல் அறுவடை வரை டிராக்டரும் அறுவடை எந்திரமும் அனுப்பும் கணக்கு, விதையும் மருந்தும் விற்கிறவர் கையில். அங்கேயுள்ள பெரிய விவசாயிகள் சங்கமே சுதாரித்து, 2014இல் கம்பெனிகளோடு உட்கார்ந்து, தோட்டத்துத் தகவல் விவசாயிக்கே சொந்தம், கேட்காமல் பிறருக்குத் தரக்கூடாது என்று கோட்பாடு எழுதியது. ஐரோப்பாவிலும் 2018இல் இப்படி ஒரு நடத்தை நெறி வந்தது. ஆயிரம் ஏக்கர்காரனே பயந்து காகிதம் எழுதிக் கேட்கிறான் என்றால், ரெண்டு ஏக்கர் வைத்திருக்கும் நாம் கேட்டால் தப்பா?

நம் நாட்டிலும் 2021 ஏப்ரலில் ஒன்றிய வேளாண் துறை மைக்ரோசாஃப்ட்டோடு 6 மாநிலங்களில் 100 ஊர்களுக்கு ஓர் ஒப்பந்தம் போட்டபோது, 55 அமைப்புகள் சேர்ந்து ஆட்சேபித்துக் கடிதம் எழுதின. உழவர் அமைப்புகள் இதில் தூங்கிக்கொண்டிருக்கவில்லை.

எனக்குள்ள பெரிய பயம் வேறு இடத்திலிருந்து வருகிறது. அதை வங்கிக்காரனாகச் சொல்கிறேன். சிபில் 2000இல் தொடங்கியபோது அது வங்கிகளுக்குள் இருந்த ஓர் ஏற்பாடு. விவசாயிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கொஞ்ச வருஷத்தில் என்ன ஆயிற்று? டிராக்டர் கடன் கேட்டு வருகிறவரிடம் "ஸ்கோர் பத்தாதுங்க" என்று சொல்லும் நிலை. ஏனுங்க என்றால், அஞ்சு வருஷத்துக்கு முன் வறட்சியில் கட்ட முடியாமல் போன கடனை வங்கியே கூப்பிட்டு ஒரே தவணையில் முடித்துக்கொள்ளச் சொன்னது. அவரும் மாட்டை விற்று முடித்தார். அது 'செட்டில்டு' என்று பதிவாகி, அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மழை பெய்யாதது அந்தப் பதிவில் இல்லை. மாட்டை விற்றதும் இல்லை. ஓர் எண் மட்டும் இருந்தது. தன் அறிக்கையை வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகப் பார்க்கும் உரிமை 2017இல்தான் ரிசர்வ் வங்கி உத்தரவால் வந்தது. அதற்குள் எத்தனை பேர் ஏன் என்று தெரியாமலே திரும்பிப் போயிருப்பார்கள்!

நாளைக்குத் தோட்டத்துக்கும் ஸ்கோர் வரும். வராமல் இருக்காது. இந்தச் சர்வே எண்ணில் மூன்று வருஷமாக மகசூல் குறைகிறது, யூரியா வாங்கவில்லை, ஆகவே 'ரிஸ்க்' என்று ஒரு கணினி எழுதினால்? ரசாயனத்திலிருந்து இயற்கைக்கு மாறும் முதல் மூன்று வருஷம் மகசூல் இறங்கி ஏறும் என்று நமக்குத் தெரியும். இடுபொருள் வாங்காதது சிக்கனம் என்று நமக்குத் தெரியும். கணினிக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? 2015இல் வந்த மண்வள அட்டையைப் பாருங்கள். பன்னிரண்டு அளவு பார்க்கிறார்கள், நல்லதுதான். ஆனால் மண்புழு எத்தனை, நுண்ணுயிர் எப்படி என்பது அதில் இல்லை. பரிந்துரை என்று கீழே வருவது எத்தனை மூட்டை என்ற கணக்கு. பூச்சிப் படம் எடுத்து அனுப்பும் செயலிகளும் இந்த ரகம்தான். பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் வாழை இலையைப் படம் எடுத்துக் காட்டினார். நோயைச் சரியாகத்தான் சொன்னது. அடுத்த வரியில் மருந்தின் பெயர், அதற்கு அடுத்த வரியில் 'இப்போது வாங்க' என்ற பொத்தான். "மாமா, இது டாக்டரா மெடிக்கல் ஷாப்பா?" என்றார். சிரிப்பு வந்தது. ஆனால் அவர் கேட்டதை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாகவே எழுதலாம்.

மஞ்சளுக்கு வருகிறேன். ஈரோட்டுக்காரனுக்கு இது தொண்டையில் நிற்கும் முள். 2010இல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிப் போனது. பார்த்தவர் எல்லாம் நட்டார்கள். நெல் வயல், கரும்பு வயல் எல்லாம் மஞ்சள். ஓரிரு வருஷத்தில் 5,000க்குக் கீழே வந்துவிட்டது. வேகவைத்து மெருகு போட்ட கூலிகூட வரவில்லை என்று அழுதவர்களை வங்கியில் எதிரே உட்காரவைத்துப் பேசியிருக்கிறேன். வைகாசியில் நட்டால் தை, மாசிக்குத்தான் வெட்டு. இடையில் எட்டொன்பது மாதம். இந்த எட்டொன்பது மாதத்தில் எத்தனை ஏக்கர் நட்டிருக்கிறது, நிஜாமாபாத்தில் எப்படி, சாங்லியில் எப்படி, கிடங்குகளில் பழைய இருப்பு எத்தனை மூட்டை என்று தெரிந்தவர் ஒரு பக்கம். தெரியாமல் அடுத்தவன் நட்டதைப் பார்த்து நட்டவர் இன்னொரு பக்கம். முன்பேர வணிகத்தில் விலை பேசுகிறவர் முதல் வகை. தகவல் இருக்கிறவன் விலை வைப்பான், இல்லாதவன் விலைக்குப் போவான். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

ஆனால் இதே கணக்கு வைகாசி பிறப்பதற்குள் நமக்குக் கிடைத்தால்? விதை மஞ்சள் விற்பனை எவ்வளவு, போன வருஷ இருப்பு எவ்வளவு என்று அணை நீர்மட்டம் மாதிரி செய்தித்தாளில் தினம் வந்தால், பாதிப் பேர் நடவைக் குறைத்துக்கொள்வார்கள். பெருந்தரவின் பெரிய லாபம் உழவருக்கு இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. பூச்சி எச்சரிக்கையில் இல்லை, பூச்சியை நாம் பார்த்துக்கொள்வோம். அரசு டிஜிட்டல் கணக்கெடுப்புக்கு இவ்வளவு செலவு செய்கிறதே, அதன் வட்டாரவாரிப் பயிர்ப் பரப்பை, தனியார் பெயர் இல்லாமல், மாதாமாதம் தமிழில் வெளியிடச் சொல்லி நம் இயக்கம் கேட்க வேண்டும். நாம் கொடுத்த கணக்கு, நமக்கே திரும்பி வரட்டும்.

பெரிய கணினி இல்லாமலும் கொஞ்சம் செய்யலாம். எங்கள் நிறுவனத்தில் கோயமுத்தூருக்கும் திருப்பூருக்கும் வாரம் இரண்டு முறை காய்கறி, கீரை போகிறது. மூன்று வருஷத்து விற்பனைச் சீட்டையும் திரும்பி வந்த சரக்கின் சீட்டையும் எங்கள் அலுவலகத்துப் பிள்ளை ஒருத்தி கணினியில் ஏற்றினாள். எக்ஸெல்தான், வேறொன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை அனுப்பும் கீரையில் நூறு கட்டுக்கு இருபது கட்டு மீந்துபோகிறது, செவ்வாய்க்கிழமை அனுப்பினால் நாலைந்துதான் என்று தெரிந்தது. சனிக்கிழமை கடைக்கு வருகிறவர் வாரத்துக்கும் சேர்த்து வாங்குகிறவர், அவர் தாங்குகிற காயாகத்தான் எடுப்பார், கீரையைத் தொடமாட்டார். "அய்யா, வெள்ளிக்கிழமைக்குப் பூசணி, சேனை, சின்ன வெங்காயம் போதுங்க" என்றாள். மாற்றினோம். கீரை போடும் பதினோரு குடும்பத்துக்கு மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சரக்கு காசாகியது. இதற்குப் பெயரும் டேட்டா அனலிட்டிக்ஸ்தான். பன்னாட்டுக் கம்பெனி வந்து சொல்லவேண்டியிருக்கவில்லை. எழுதி வைத்திருந்தோம், கூட்டிப் பார்த்தோம்.

மழைக்கும் அப்படியே. மழைமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பத்து உறுப்பினர் தோட்டத்தில் வைத்துக் காலை எட்டரைக்கு அளந்து எழுதினால், ஃபிர்கா மழையளவுக்கும் நம் மேட்டுக் காட்டு மழையளவுக்கும் உள்ள வித்தியாசம் நம் கையில் இருக்கும். காப்பீட்டுக்காரரிடம் பேச அது உதவும்.

இனி அந்தப் பதினாலு பக்கம். படித்தவரையில் எனக்கு உறுத்தியதைச் சொல்கிறேன். தகவல் 'நிறுவனத்துக்கும் அதன் பங்காளர்களுக்கும்' என்று இருக்கிறது. பங்காளர் யார் என்று இல்லை. நமக்குத் தெரிந்த பங்காளி சாவுக்கும் கல்யாணத்துக்கும் வருகிறவர், இவர் யார்? ஒப்பந்தம் முடிந்தபின்னும் அவர்கள் தகவலை 'காலவரையின்றி' வைத்துக்கொள்வார்களாம். குத்தகை முடிந்தால் நிலத்தை விடவேண்டும் அல்லவா? வழக்கு என்றால் வேறு மாநிலத்து நீதிமன்றம். நம் ஆலோசனைக்கும் இடுபொருள் விற்பனைக்கும் சம்பந்தம் இல்லை என்ற உறுதி ஓர் இடத்திலும் இல்லை. இதையெல்லாம் யாரும் படிக்கமாட்டார்கள் என்று நினைத்து எழுதியிருப்பார்கள். தப்பும் இல்லை, கடன் பத்திரத்தில் "எங்கீங்க கையெழுத்துப் போடணும்?" என்ற ஒரே கேள்வியைத்தான் நானும் முப்பது வருஷம் கேட்டிருக்கிறேன்.

சட்டம் காப்பாற்றுமா என்றால், கொஞ்சம். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன, படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வரும். சம்மதம் தெளிவாக இருக்கவேண்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், நம் மொழியிலேயே அறிவிப்பைக் கேட்கலாம் என்பவை நமக்குச் சாதகம். ஆனால் அது தனி ஆளின் தகவலைப் பற்றியது. பெயரை எடுத்துவிட்டு 'கோபி வட்டாரத்து இயற்கை மஞ்சள்' என்று மொத்தமாகக் கூட்டிவிட்டால் அந்தச் சட்டம் பேசாது. விலையை அசைப்பதோ அந்த மொத்தக் கணக்குத்தான். 2020இல் கிரிஸ் கோபாலகிருஷ்ணன் குழு, ஒரு சமூகத்திடமிருந்து திரட்டிய தகவலில் அந்தச் சமூகத்துக்கு உரிமை உண்டு என்ற கருத்தை எழுதிக் கொடுத்தது. சட்டமாகவில்லை. நம் இயக்கம் கையில் எடுக்கவேண்டிய கோரிக்கை அது. விதையில் நம்மாழ்வார் அய்யா ஊர் ஊராகப் போய் எதைப் பேசினாரோ, அதன் அடுத்த வரப்பு இது.

ஆகவே பொதுக்குழுவில் நான் சொல்லப்போவது, இப்படியே கையெழுத்து வேண்டாம் என்று. தாளைத் தமிழில் கேட்போம். நில எல்லையும் மகசூலும் தனி ஆளுக்கு ஆள் போகாமல், நம் நிறுவனம் கூட்டிய மொத்தக் கணக்காக மட்டும் போகட்டும், அதுவும் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கும் ஏற்பாடாக. விலகினால் அழிக்க வேண்டும். நம் தகவலால் செய்த கணிப்பு எதுவாக இருந்தாலும் வெளியே விற்கும் முன் நமக்கு வரவேண்டும். மருந்து, உரம் விற்கிற யாருக்கும் போகக்கூடாது. குத்தகைக்காரருக்கும் பட்டா இல்லாத அம்மணிகளுக்கும் அவர்கள் பெயரிலேயே கணக்கு வேண்டும், பட்டாதாரர் பெயரில் இல்லை. இதற்கெல்லாம் சரி என்றால், இலவசம் வேண்டாம், அவர்கள் சேவைக்கு நாம் காசு கொடுப்போம். காசு கொடுத்தால் கேள்வி கேட்கலாம்.

இந்த விஷயங்களை எழுதிப் போன வாரம் அவர்களுக்கு அனுப்பினோம். தமிழ்ப் பிரதி தருகிறோம் என்று பதில் வந்திருக்கிறது. அழிப்பது பற்றிச் 'சட்டப் பிரிவைக் கேட்டுச் சொல்கிறோம்' என்கிறார்கள். மருந்துக் கம்பெனி பற்றிய கேள்விக்கு இதுவரை பதில் இல்லை. உங்கள் குழுவுக்கும் இப்படித் தாள் வந்திருந்தால், கையெழுத்துப் போட்டிருந்தாலும் சரி, போடாவிட்டாலும் சரி, பெயர், சர்வே எண்களை மறைத்துவிட்டு ஒரு நகலை இதழுக்கு அனுப்பிவையுங்கள். நாலைந்து தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் யாருக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பொதுக்குழுவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.